மூன்றாவது கரண்டி ரசம்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போன நம் பிள்ளைகள் எழுதும் சாப்பாட்டுக் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக விடாமல் வாசித்து வருகிறேன். மெல்பர்ன், டப்ளின், மணிப்பால், இப்போது தைவான், ஜெர்மனி என்று ஊர் மாறுகிறது. கட்டுரை மாறுவதில்லை. முதல் வாரம் எதுவும் வாயில் வைக்க முடியவில்லை. இரண்டாம் மாதம் ஏதோ ஒரு சந்தில் கொரியக் கடையோ துருக்கிக் கடையோ கண்ணில் படுகிறது. அங்கே சாப்பிட்டதும் மனசு விரிகிறது. பிறகு ஒரு மழை நாளில் அம்மா வைத்த ரசம் நினைவுக்கு வருகிறது, கண் கலங்குகிறது, கட்டுரை முடிகிறது.

எனக்கு இதில் உள்ள சிக்கல் கண்ணீர் அல்ல. இந்தக் கட்டுரைகளில் யாருக்கும் பசிப்பதே இல்லை. என்ன விலை என்று யாரும் சொல்வதில்லை. சமைத்தது யார், பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார் என்று தெரிவதில்லை. சாப்பாடு ஒரு படமாக வருகிறது, அவ்வளவுதான். நான் படித்தது ஸ்கூடாயில். கோலசிலாங்கூர்க்காரனுக்கு அதுவே தூரம் என்றாலும் அதை வெளிநாடு என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் வாசிப்பதற்கு விசா கேட்பதில்லை. அந்தத் துணிச்சலில் இரண்டு பழைய மாணவர்களைப் பற்றி இங்கே பேசுகிறேன். ஒருவர் தன் சாப்பாட்டைத் தானே எழுதினார். இன்னொருவர் சாப்பிட்டதையும் சாப்பிடாததையும் மற்றவர்கள் எழுதி வைத்தார்கள்.

முதலாமவர் காந்தி. 'சத்திய சோதனை'யை ரா. வேங்கடராஜுலுவின் தமிழில் பள்ளி நூலகத்தில் எடுத்தவர்கள் பலரும் அதை நீதிநூலாக நினைத்துப் பாதியில் வைத்திருப்பார்கள். லண்டன் அத்தியாயங்களை மட்டும் தனியாக எடுத்து வாசித்துப் பாருங்கள். அவை ஒரு பதினெட்டு வயதுப் பையனின் வயிற்றைப் பற்றியவை. 1888 செப்டம்பரில் பம்பாயில் கப்பல் ஏறுகிறார். மாமிசம் தொடமாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். கப்பலில் எந்தப் பதார்த்தத்தில் மாமிசம் இல்லை என்று பரிமாறுகிறவரிடம் கேட்கக் கூச்சம். வீட்டிலிருந்து கொண்டுபோன பலகாரத்தையும் பழத்தையும் வைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே ஓட்டுகிறார். லண்டனில் இறங்கிய ஓட்டலில் 3 பவுன் பில் வருகிறது. அவ்வளவு கொடுத்தும் பட்டினிதான் கிடந்தேன் என்கிறார்.

எனக்கு இந்த அத்தியாயங்களில் மறக்கவே முடியாத இடம் ரொட்டித் துண்டு. தங்கியிருந்த வீட்டில் மேசைக்கு வரும் ரொட்டியில் இரண்டு மூன்று துண்டுக்கு மேல் எடுக்க வெட்கப்படுகிறார். வீட்டுக்காரம்மாவின் பெண்கள் இன்னும் ஒன்றிரண்டு எடுத்துக்கொள் என்கிறார்கள். முழு ரொட்டியைக் கொடுத்தால்தான் இவருக்குப் பசி அடங்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. படிக்கப் போன இடத்துப் பசி எப்படிப்பட்டது என்று இதைவிடத் துல்லியமாக எழுதியவர்களை நான் வாசித்ததில்லை. சாப்பாடு மேசையில்தான் இருக்கிறது. கை நீட்டத்தான் முடியவில்லை. அங்கே தடுப்பது நாக்கு அல்ல, கூச்சம்.

அப்புறம் நடக்கிறார். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மைல். மலிவான கடைக்குள் நுழைந்து ரொட்டியை வயிறு முட்டத் தின்றாலும் திருப்தி இல்லை. ஒரு நாள் ஃபாரிங்டன் தெருவில் சைவ உணவகம் கண்ணில் படுகிறது. வாசல் அருகே கண்ணாடிக்குள் விற்பனைக்கு வைத்திருந்த ஹென்றி சால்ட்டின் புத்தகத்தை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார். இங்கிலாந்து வந்த பிறகு முதல் முறையாக நிறைவாகச் சாப்பிட்டது அங்கேதான். நம் கட்டுரைகள் 'கண்டுபிடித்த கடை'யோடு முடிந்துவிடும். காந்தியின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கடையிலிருந்து புத்தகம், புத்தகத்திலிருந்து சைவ உணவுச் சங்கம், சங்கத்திலிருந்து நிர்வாகக் குழு. தன் பகுதியில் தானே ஒரு சைவ மன்றமும் தொடங்குகிறார். 1891-ல் 'தி வெஜிடேரியன்' இதழில் இந்தியச் சாப்பாட்டைப் பற்றி வெள்ளைக்காரர்களுக்குக் கட்டுரை எழுதுகிறார். பேசவே கூச்சப்பட்ட பையனுக்குச் சாப்பாடு ஒரு கூட்டத்தைக் கொடுத்தது. இதற்கிடையில் ஊரிலிருந்து வரும் இனிப்பையும் மசாலாவையும் நிறுத்திவிடுகிறார். வந்த புதிதில் சப்பென்று இருந்த வேகவைத்த கீரை இப்போது ருசிக்கிறது.

அவர் கணக்கும் எழுதுகிறார். ஒற்றை அறை, ஒரு அடுப்பு, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும், மதியம் வெளியே, இரவில் ரொட்டியும் கோக்கோவும். சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸ். ஊர் திரும்பிய பிறகு, பின்னால் போகிறவர்களுக்காக லண்டன் வழிகாட்டி ஒன்றும் எழுதி வைத்தார். வாரம் 1 பவுனில் எப்படி வாழலாம் என்பது அதன் முக்கியமான செய்தி. பொறியியல் படித்தவன் என்பதாலோ என்னவோ, தத்துவத்தைவிட இந்த எண்கள்தான் எனக்கு அவரை நெருக்கமாக்குகின்றன. எண் இருக்கும் இடத்தில் வாழ்க்கை தெரிகிறது. வாங் சாக்கு போதாமல் மாதக் கடைசியில் மேகி தின்ற யாருக்கும் இது புரியும்.

இரண்டாமவர் ராமானுஜன். காந்தி புத்தகம் எழுதினார். ராமானுஜன் சில கடிதங்களைத் தவிர தன்னைப் பற்றி அதிகம் எழுதவில்லை. நமக்குக் கிடைப்பது நண்பர்கள் சொன்னதும், ராபர்ட் கனிகல் 1991-ல் வெளியிட்ட வரலாறும்தான். 1914 மார்ச்சில் சென்னையில் கப்பல் ஏறி ஏப்ரலில் லண்டன் சேர்கிறார். கொஞ்ச நாள் நெவில் வீட்டில் இருந்துவிட்டு டிரினிட்டி கல்லூரி அறைக்கு மாறுகிறார். கல்லூரிக் கூடத்துச் சாப்பாட்டை அவர் தொடவில்லை. காய்கறியைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருப்பார்களோ என்ற சந்தேகம். அறையிலேயே அடுப்பு வைத்துத் தானே சமைத்துக்கொண்டார். சில நேரம் நாளுக்கு ஒரு வேளை, அதுவும் நேரம் கெட்ட நேரத்தில். வெறும் சோற்றில் உப்பும் எலுமிச்சையும் போட்டுக்கொண்டு எத்தனை நாளும் ஓட்டலாம் என்று ஊருக்கு எழுதினார். படிக்கும்போது வீரம் மாதிரிதான் தெரியும். எனக்கு அது, வீட்டில் பயந்துவிடக் கூடாதே என்று எந்தப் பிள்ளையும் போனில் சொல்லும் பதிலாகத்தான் கேட்கிறது.

இந்த அடுப்பைப் பற்றி எல்லோரும் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. நண்பர் மஹலனோபிஸ் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் வந்த வீட்டு எண் புதிரைப் படித்துக் காட்டுகிறார். சட்டியில் காய் கிளறிக்கொண்டே ராமானுஜன் தொடர்பின்னமாக அதன் எல்லா விடைகளையும் ஒரே வீச்சில் சொல்கிறார். மேதைமைக்கு அழகான சான்று. சட்டியில் இருந்தது என்ன என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இன்னொரு கதை குறைவாகச் சொல்லப்படுகிறது. சொல்லப்பட்டாலும் மேதையின் கிறுக்கு என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். நண்பர் சட்டர்ஜியையும் அவருக்கு நிச்சயமான பெண்ணையும் இன்னொரு பெண்ணையும் அறைக்கு விருந்துக்கு அழைத்தார் ராமானுஜன். அவரே சமைத்த ரசம். முதல் முறை பரிமாறினார், குடித்தார்கள். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் முறை கரண்டியை நீட்டியபோது பெண்கள் இருவரும் போதும் என்றார்கள். சிறிது நேரத்தில் ராமானுஜனைக் காணோம். காத்திருந்து பார்த்தார்கள், வரவில்லை. டாக்சி பிடித்துப் போய்விட்டார் என்று வாயிற்காவலர் சொன்னார். சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தந்தி வந்தது: 5 பவுன் அனுப்பு.

இதைக் கிறுக்கு என்று வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. கும்பகோணத்தில் ராமானுஜன் வீடு வெளியூர் மாணவர்களைப் பணத்துக்கு வைத்துச் சோறு போட்ட வீடு. படிக்க வந்த பையன்களுக்கு அம்மா கோமளத்தம்மாள் பரிமாறியதைப் பார்த்து வளர்ந்தவர். கேம்பிரிட்ஜில் அந்தக் கரண்டி அவர் கைக்கு வந்திருக்கிறது. சாப்பிடும் இடத்தில் எப்போதும் தனி ஆளாக இருந்தவர், ஒருநாள் விருந்து வைக்கிறவராக நிற்கிறார். நம் வீடுகளில் மூன்றாவது கரண்டியை வேண்டாம் என்று யாரும் சட்டென்று சொல்வதில்லை. "கொஞ்சம், கொஞ்சம்" என்று கையைக் குறுக்கே வைப்போம், அதற்குள் கால் கரண்டி இலையில் விழுந்திருக்கும். அந்த விளையாட்டு அங்கே நடக்கவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ரசத்தை அல்ல, தன்னையே ஒதுக்கிவிட்டார்கள் என்று அவருக்குப் பட்டிருக்கிறது.

காந்திக்கும் இவருக்கும் மன உறுதியில் வித்தியாசம் என்று சொல்வது வழக்கம். ஒருவர் தன்னை மாற்றிக்கொண்டார், ஒருவர் மாறவில்லை என்பார்கள். இந்த வாசிப்பு எனக்குச் சோம்பலாகப் படுகிறது. காந்தி 1888-க்கும் 1891-க்கும் இடையில், போர் இல்லாத காலத்தில், சைவ உணவகங்கள் இருந்த பெருநகரத்தில் இருந்தார். ராமானுஜன் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் உலகப்போர். கடல் வழியே வரவேண்டிய பொட்டலங்களுக்கு உத்தரவாதம் இல்லை. ஃபாரிங்டன் தெருவின் மேசை போன்ற ஒன்று அவருக்குக் கேம்பிரிட்ஜில் வாய்க்கவில்லை. சரியான சாப்பாடு இல்லாமல்தான் செத்தார் என்ற வசனத்தையும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். 1917-ல் காசநோய் என்றார்கள். பிறகு மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்த டி.ஏ.பி. யங் 1994-ல், அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று எழுதினார். சென்னையில் இருந்தபோதே தொற்றியதாக இருக்கலாம். 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் இறக்கும்போது வயது 32. நோயைச் சாப்பாட்டோடு நேராக முடிச்சுப் போடுவது கதைக்கு வசதி. தனிமையைச் சாப்பாட்டோடு முடிச்சுப் போட எந்த மருத்துவக் குறிப்பும் தேவையில்லை.

சாதியைப் பேசாமல் இந்த இடத்தைத் தாண்ட முடியாது. கல்லூரிக் கூடத்தை ஒதுக்கியதில் சைவம் மட்டும் இல்லை, ஆசாரமும் இருக்கிறது. இதற்குக் கடல் தாண்ட வேண்டியதுகூட இல்லை. 'என் சரித்திர'த்தில் உ.வே.சா. படிக்கப் போனது மாயூரத்துக்கு. உயிராக நேசித்த ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வீட்டில் அவர் சாப்பிட முடியாது. சோற்றுக்கு வேறு இடம் தேட வேண்டும். பாடம் ஒரு வீட்டில், சோறு இன்னொரு வீட்டில். அந்தப் புத்தகத்தில் இது புகாராகக்கூட வருவதில்லை, மழை வெயில் மாதிரி வருகிறது. படிக்கப் போன இடத்துச் சாப்பாடு என்றால் தமிழில் முதலில் யார் வீட்டில் சாப்பிடலாம் என்ற கேள்விதான். 'அம்மா ரசம்' கட்டுரைகள் இந்தக் கேள்வியை வசதியாக மறந்துவிடுகின்றன.

சரி, அம்மா ரசம். இங்கேதான் நம் ஊர்க்காரர்களோடு எனக்குச் சண்டை.

புக்கிட் ரோத்தானிலிருந்தோ ஈஜோக்கிலிருந்தோ போன ஒரு மாணவர் "நம்ம ஊர்ச் சாப்பாடு" என்று எழுதும்போது எதைச் சொல்கிறார்? என் வீட்டில் பசியாறும்போது மேசைக்கு வருபவை: நெத்திலி சம்பால், சாடின் பிரட்டல், பெலாச்சான் போட்ட கங்கோங் கீரை, சில நாள் அம்மா ஆற்றங்கரையில் பறித்து வரும் பெரணிக் கீரை, எப்போதும் பாசிர் பெனம்பாங் கருவாடு. தோசையும் இருக்கும். இதில் பாதிக்கு மேல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய யாருக்கும் தெரியாத சாப்பாடு. பெலாச்சானை முதலில் முகர்ந்த தமிழச்சி மூக்கைப் பொத்தியிருப்பாள். எந்த வருஷம், எந்த லயத்தில், எந்த மலாய்க்காரப் பெண் சொல்லிக்கொடுத்து அது நம் அம்மிக்கு வந்தது? பினாங்கில் இறக்கிப் பூலாவ் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக்கு அடைத்து வைத்தபோது என்ன சாப்பிட்டார்கள்? கங்காணியிடம் கடனோடு தொடங்கிய வாழ்க்கையில் சீனர் கடை 555 நோட்டில் முதல் வரியாக எழுதிய சாமான் எது? புதிய ஊரில் நாக்கைப் பழக்கிக்கொண்ட அனுபவம் நமக்கு நூறு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. அதை யாரும் கட்டுரையாக எழுதவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் அந்தக் கப்பலின் மேல்தட்டில் வரவில்லை.

சொல்லப்போனால் எங்கள் வட்டாரத்தில் எழுதத் தெரிந்த ஒருவர் இருந்தார். பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், இப்போது பெஸ்தாரி ஜெயா என்கிறோமே அங்கே, தென்னமரம் தோட்டத்தில் 1917-ல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்ட பிரெஞ்சுத் துரை ஹென்றி ஃபோகோனியே. அவர் எழுதிய 'மலேசி' நாவலுக்கு 1930-ல் பிரான்ஸின் கோன்கூர் பரிசு கிடைத்தது. ஆக, எங்கள் மாவட்டத்துத் தோட்ட வாழ்க்கையிலிருந்து உலகப் பரிசு பெற்ற நாவல் ஒன்று இருக்கிறது. தோட்டத்தின் பெயரே தமிழ். ஆனால் பார்க்கிற கண் பங்களா வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறது. அதே காலத்தில் லயத்து அடுப்பின் பக்கமிருந்து எழுதப்பட்ட ஒரு பக்கம்கூட இதுவரை என் கைக்கு வந்ததில்லை. என் பாட்டி சொல்லி எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு. பிறகு, எந்த வீட்டில் தண்ணி குடிக்கலாம், எந்த வீட்டில் கூடாது என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட பட்டியல். லயத்தில் சுவர் ஒன்றுதான், பட்டியல் வேறு. பெலாச்சான் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது, பக்கத்து வீட்டுத் தமிழர் நுழையப் பல வருஷம் ஆனது.

இப்போதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. கோலசிலாங்கூருக்கு வரும் உணவு வீடியோக்காரர்கள் பாசிர் பெனம்பாங்கில் நண்டு தின்கிறார்கள், இரவில் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். தோட்டச் சாலைக்குள் கார் திரும்புவதில்லை. பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர் பல்கலைக்கழகம் இருக்கிறது. வெளியூரிலிருந்து அங்கே படிக்க வரும் பிள்ளைகளுக்கு எங்கள் ஊர்தான் 'புதிய ஊர்'. அவர்களில் யாராவது எங்கள் ஒட்டுக்கடைச் சாப்பாட்டைப் பற்றிக் கரித்துக்கொட்டி ஒரு கட்டுரை எழுதினால் முதல் ஆளாக வாசிப்பேன்.

என் சித்தி மகன் இரண்டு வருஷமாக ஆஸ்திரேலியாவில் படிக்கிறான். போகும்போது சித்தி நெத்திலி சம்பாலைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூன்று பொட்டலம் கொடுத்தார். அங்கே விமான நிலையத்தில் உணவுப் பொருளை அறிவிக்கும் அட்டையை நிரப்பும்போது சம்பாலுக்கு ஆங்கிலத்தில் என்ன எழுதுவது என்று எனக்குத் தட்டச்சு செய்து கேட்டான். முதல் பருவம் முடியும்போது ஆறு கிலோ இளைத்திருந்தான். நான் வழக்கம்போல் சமையல் குறிப்பு அனுப்பினேன். "அண்ணே, சாப்பாடெல்லாம் கிடைக்குது. யார்கூட உக்காந்து சாப்பிடறதுன்னுதான் தெரியல" என்றான். அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடுகிறானாம். சம்பாலைத் திறந்தால் வாசம் போகும், அறைத் தோழன் ஒன்றும் சொல்லமாட்டான், ஆனால் ஜன்னலைத் திறப்பான். அந்த ஜன்னலுக்குப் பயந்து மூன்றாவது பொட்டலத்தை உடைக்கவே இல்லை. பிற்பாடு அவனும் ஒரு மாணவர் மலரில் கட்டுரை எழுதினான். துருக்கிக் கடை இருந்தது, மழை இருந்தது, ரசம் இருந்தது. ஜன்னல் இல்லை. ஏன்டா என்றேன். "அதையெல்லாம் எழுதுனா அம்மா படிப்பாங்கண்ணே."

எனக்கு இது நியாயமான காரணம். ராமானுஜனின் உப்பும் எலுமிச்சையும் கடிதமும் இதே காரணத்தால் எழுதப்பட்டதாகத்தான் நினைக்கிறேன். ஆனால் கடிதம் வேறு, இலக்கியம் வேறு. நூறு கட்டுரைகளும் அம்மாவுக்கு எழுதிய கடிதமாகவே இருந்தால், அடுத்து போகிற பிள்ளை ஜன்னல் தனக்கு மட்டும்தான் திறக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். புலம்பச் சொல்லவில்லை. காந்தி புலம்பவில்லை, முழு ரொட்டி வேண்டும் என்று எழுதினார், அவ்வளவுதான். அந்த வரியில் சுயபரிதாபம் கொஞ்சமும் இல்லை. ஒரு சிரிப்புகூட இருக்கிறது.

எழுதும் முறைக்கு ஒரு முன்மாதிரி கேட்டால் நான் காந்தியைக்கூடச் சொல்ல மாட்டேன். ஏ.எஸ். ராமலிங்கம் என்று ஒருவர் இருந்தார். கடலூர்ப் பக்கத்துத் தமிழர், இங்கிலாந்தில் பொறியாளராக வேலை பார்த்தவர், எழுத்தாளர் இல்லை. ராமானுஜன் மேட்லாக் சானடோரியத்தில் படுத்திருந்தபோது 1918 ஜூனில் அங்கே போய் அவரோடு இரண்டு மூன்று நாள் இருந்தார். திரும்பி வந்து ஹார்டிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அங்கே என்ன சாப்பாடு தருகிறார்கள், நோயாளி எதைத் தொடவில்லை, எது பிடிவாதம், எது சமையல்காரரின் குறை என்று ஒவ்வொன்றாக. நண்பனுக்காகப் பரிந்து பேசுகிறார், அதே சமயம் காரத்துக்கும் ஊறுகாய்க்கும் ஏங்கும் நாக்கைப் பற்றி ஒளிக்காமலும் சொல்கிறார். ராமானுஜனின் கடிதங்களைத் தொகுத்து பெர்ன்டும் ரேங்கினும் 1995-ல் கொண்டுவந்த புத்தகத்தில் அதைப் படிக்கலாம். யாரும் அதை இலக்கியம் என்று சொல்வதில்லை. ஒரு தமிழ்ப் பொறியாளன் ரயில் பிடித்துப் போய், இன்னொரு தமிழனின் தட்டில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்திருக்கிறான். தம்பிக்கு அந்தக் கடிதத்தின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது பொட்டலத்தை என்ன செய்தான் என்றும் கேட்டிருக்கிறேன்.